பெல்ட் போட்டுச் சாப்பிட்ட அக்கா

என் அக்காவின் கடைவாய்ப் பற்கள் தேயவே இல்லை. நாற்பத்தைந்து வயது மனுஷியின் வாயில் பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் பற்கள் இருக்கின்றன. இதை நான் சும்மா சொல்லவில்லை. பல் செட் செய்வதுதான் என் பிழைப்பு. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் அதைப் பார்த்துப் பல் கட்டுவேன். அக்காவுக்கு முன்பல் ஒன்று விழுந்தபோது அவளுடைய அச்சும் என் மேஜைக்கு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மென்று சாப்பிட்ட அடையாளமே அதில் இல்லை.

எப்படி இருக்கும்? அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, வார்டு வார்டாகச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறாள். உப்பில்லாத தட்டு, சர்க்கரை இல்லாத தட்டு, மசித்த தட்டு என்று அடுக்கிக்கொண்டு போவாள். கட்டிலில் கிடக்கும் ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவாள். சாயங்காலம் வரும்போது வண்டியை மட்டும்தான் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவாள். வீட்டிலும் எங்கள் எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி, ஆறிப்போன மிச்சத்தை வாயில் போட்டு விழுங்குவாள். தபால் பெட்டியில் கடிதம் போடுவதற்குக்கூட இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பல் தேயாத சங்கதியை நான் சும்மா இருக்கமாட்டாமல் மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மகா பொறுமைசாலி. பழகுகிறவன் நேராகச் சுவரில் கொண்டுபோய் முட்டப் போனாலும் குரலை உயர்த்த மாட்டார், ஏனென்றால் அவர் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. வீட்டில் டி.வி. பார்க்கும்போதும் யாராவது வேகமாக ஓடினால் அவர் கால் தரையை அழுத்தும்.

நான் சொன்னதைக் கேட்டு மாமா டி.வி.யை அணைத்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் உங்கக்காவோட முழங்கையப் பாத்துதான் சாப்பிடுறேன். கரண்டி வரும், முழங்கை வரும், ரெண்டும் போயிடும். அவ மூஞ்சியப் பாத்துகிட்டு, ரெண்டு பேருமா, சூடா, ஒரே ஒரு வேளை சாப்பிடணும். அவ்ளோதான் எனக்கு ஆசை."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

மனுஷர் முயற்சி செய்யாமலும் இல்லை. சாப்பாட்டு மேஜை வாங்கிப் போட்டு, அக்காவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். உப்பு எடுக்க எழுந்தாள். மறுநாள் உப்பு டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் எடுக்க எழுந்தாள். குடத்தையே தூக்கி மேஜையில் வைத்தார். அன்று பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அதை அணைக்க எழுந்துவிட்டாள்.

கடைசியில் மாமாதான் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"அவ எந்திரிக்காம உக்கார்ற ஒரே இடம் நம்ம கார்தான் மாப்ள. பெல்ட்டு போட்டா அடங்கிடுறா. போன வாரம் ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒரு பாக்கெட் பிஸ்கட்ட நிதானமா கடிச்சு மென்னு சாப்பிட்டா. என் கண்ணால பாத்தேன்."

அந்த வாரமே ஒரு விளம்பரத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, பேய் வீடு எல்லாம் உண்டு. மாமாவின் விரல் அதிலெல்லாம் நிற்கவில்லை. மூலையில் சின்னதாக ஒரு படம். நீண்ட மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலிக்கும் தோளோடு இறுக்கிப் பிடிக்கும் பெல்ட். "நாற்காலிக்கே பெல்ட்டு வச்ச ஹோட்டல்," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த வருஷ லீவுக்கு அங்கேதான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

காரணம் அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அக்காவின் மகள், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நாங்கள் 'வக்கீல்' என்று கூப்பிடும் பெண், அப்பா தனக்காகத்தான் ராட்டினம் ஏற்றப் போகிறார் என்று நம்பி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். பூங்காவின் வரைபடத்தை மனப்பாடமே செய்துவிட்டாள்.

போய் இறங்கினோம். முதல் நாள் காலை, தங்கிய இடத்திலேயே சாப்பாடு. அவரவரே போய் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டிய கூடம். அக்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை பேர் தாங்களே அள்ளிக்கொள்கிறார்கள், கேட்பாரில்லை. எங்களுக்கு எடுத்து வருகிறேன் என்று போனவள் சூப் அண்டாவின் பக்கத்தில் நின்றுவிட்டாள். கரண்டி எப்படி அவள் கைக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தட்டை நீட்டினார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு இது வேணாங்க. உப்பு ஜாஸ்தி. பாதம் வீங்கியிருக்கு பாருங்க. அங்க பழம் இருக்கு, அத எடுத்துக்கோங்க."

அந்த மனுஷர் பெட்டிப்பாம்பாக அடங்கிப் பழத்தை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அக்காவின் முன்னால் ஒரு வரிசையே நின்றது. அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் தட்டில் எதையும் வைத்தார்கள். மேற்பார்வையாளர் வந்தார். திட்டப் போகிறார் என்று நான் எழுந்தேன். அவரோ அக்காவின் கையில் ஒரு வெள்ளைத் தொப்பியைக் கொடுத்து, "தலைமுடி விழுந்துடும்மா, போட்டுக்கோங்க. புதுசா சேந்தவங்களா?" என்று கேட்டார். அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டாள். எங்களுக்குத் தொப்பியோடுதான் பரிமாறினாள். மாமா அன்றும் முழங்கையைப் பார்த்துத்தான் சாப்பிட்டார்.

அன்று மதியம் பூங்காவுக்குள் இருந்த உணவு விடுதியிலும் அதே கூத்துதான். பக்கத்து மேஜைக் குழந்தைக்கு மசித்துக் கொடுத்தாள், அதற்கடுத்த மேஜையைத் துடைத்தாள். இதில் எங்களுக்குப் பாதி நாள் போயிற்று. வக்கீல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நடுக்கூடத்தில் வழக்கைத் தொடுத்தாள்.

"இங்க நாம ராட்டினம் ஏற வந்தோமா, சாப்பிட வந்தோமா?"

"சாப்பிடத்தான்," என்றார் மாமா.

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வெயிலில் மணிக்கணக்காக நின்று ஏறுகிற ராட்டினம் மூன்று நிமிஷத்தில் இறக்கிவிட்டுவிடுகிறது. இறங்கியதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எங்கே சாப்பிடுவது என்பதுதான். அந்தப் பூங்காவில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பமெல்லாம் சாப்பிட்ட குடும்பம், சண்டை போட்டுக்கொண்டிருந்ததெல்லாம் இன்னும் சாப்பிடாத குடும்பம். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

சாயங்காலம் மாமா தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பெல்ட் ஹோட்டலுக்குப் போனோம். படத்தில் பார்த்த அதே மேஜை, அதே நாற்காலிகள். மேஜைக்கு நடுவே பரிமாறுகிறவர்கள் நிற்பதற்குப் பள்ளமாக ஓர் இடம். மேஜையின் நான்கு மூலையிலிருந்தும் இரும்புக் கயிறுகள் மேலே போயின. மாமா கயிற்றோடு கண்ணையும் மேலே ஓட்டினார். மேலே ஒரு கிரேன் நின்றது.

அப்போது பார்த்துப் பக்கத்துக் கிரேனில் ஒரு கும்பலின் மேஜை ஆறு மாடி உயரத்திலிருந்து இறங்கி வந்தது.

"மாப்ள, இது மேல போகுமா?"

"படத்துலயே கிரேன் இருந்துச்சே மாமா."

"நான் பெல்ட்ட மட்டுந்தான் பாத்தேன்."

மாமாவுக்கு உயரம் என்றால் குலைநடுக்கம். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவது அக்காதான். மாமா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இப்போது அவர் முகம் வெளிறி, நெற்றி வேர்த்துவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, முடியலன்னா வேணாம். அந்த பெஞ்சுல உக்காருங்க. ரொட்டி எதாவது கெடைக்கும். நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

நான் போய் வாங்கிட்டு வர்றேன் என்ற அந்த ஒரு வார்த்தைதான் மாமாவைக் கிளப்பியது. வாங்கி வருவாள், எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பாள், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மிச்சத்தை விழுங்குவாள். அது அவருக்குத் தெரியும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய வீரத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

அக்காவுக்கு நேர் எதிரே உட்காரப் போனவரைப் பெல்ட் மாட்டும் பையன் தடுத்தான். "குடும்பம்னா பக்கத்துல பக்கத்துலதான் சார்." ஆக, அக்காவின் பக்கத்து நாற்காலி. இங்கேயும் முழங்கைதானா என்று மாமா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. வக்கீலும் நானும் மூலை திரும்பி உட்கார்ந்தோம், அவர்கள் இருவரும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தார்கள். பையன் வந்து ஒவ்வொருவரையும் இறுக்கிவிட்டுப் போனான். கிரேன் உறுமியது.

மேஜை தரையை விட்டுக் கிளம்பியதும் மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருடைய கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. மேஜை நிற்கவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தார். மேஜை மேலே போய்க்கொண்டே இருந்தது. பிரேக் மிதித்தும் நிற்காத வண்டியில் அவர் ஏறியது அன்றுதான்.

அக்காவின் பாடு வேறு. நடுவில் நின்ற பரிமாறும் பெண் சூப் கிண்ணங்களை எடுத்ததுமே அக்கா எழுந்தாள். பெல்ட் இழுத்து உட்கார வைத்தது. மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார வைத்தது. கையை நீட்டி எதிர் வரிசைக்குக் கிண்ணம் கடத்தப் பார்த்தாள், கை எட்டவில்லை. கடைக்கோடியில் ஒருவருக்குக் கரண்டி வரவில்லை என்று கூவினாள்.

"அக்கா, நீங்க கைய மடியில வைங்க," என்றாள் அந்தப் பெண். "இது என்னோட வேலை."

"அப்ப நான் என்ன பண்றது?"

"சாப்பிடுங்க."

அக்கா தன் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். யாருக்கோ வந்த தட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். பிறகு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

புகார் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஊதிக் குடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, நான் வீட்ல வைக்கிறதும் இப்படித்தான் இருக்குமா?"

வக்கீல் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள். "இத விட நல்லா இருக்கும்மா," என்றாள். எதிர்வாதம் எதுவும் வைக்காமல் அவள் ஒரு பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினேன். ரொட்டி சிக்கிக்கொண்டது என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு இன்னும் ரொட்டியே வந்திருக்கவில்லை.

அக்கா இன்னொரு கரண்டி குடித்தாள். காய் வந்தது, ரொட்டி வந்தது. கடித்தாள், மென்றாள். இடது பக்கம் மென்று, வலது பக்கம் தள்ளி, மறுபடி மென்றாள். தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன், குறையே சொல்ல முடியாத மெல்லல். ஆனால் இத்தனை பாடுபட்டு இதைப் பார்க்க வந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சூப்பில் ஏடு படிந்துவிட்டது. தாங்க முடியாமல் நானே, "மாமா, கண்ணத் தெறந்து பாருங்க," என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் அக்கா அவரைக் கவனித்தாள்.

"வாயத் தெறங்க," என்றாள், வார்டில் சொல்கிற அதே குரலில். மாமா திறந்தார். ஒரு கரண்டி ஊட்டினாள். போச்சு, மறுபடியும் பரிமாற ஆரம்பித்துவிட்டாள் என்று நான் தலையில் கை வைத்தேன். அவளோ அடுத்த கரண்டியைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அவர் விழுங்கும் வரை தான் மென்றாள், தான் மெல்லும் வரை அவரைக் காக்க வைத்தாள்.

"எல்லாம் ஆறிப் போகுது பாருங்க. கண்ணத் தெறங்க. கீழ பாக்காதீங்க, என்னப் பாருங்க."

மாமா தலையை அவள் பக்கம் முழுதாகத் திருப்பி, ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். ஒரு கையளவு தூரத்தில் அக்காவின் முகம், வாய் நிறையச் சாப்பாட்டோடு.

"மெல்றியே," என்றார்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. மெல்லு."

அதற்குப் பிறகு கிரேன் கீழே இறங்கும் வரை அவர் கண்ணை அவள் முகத்தை விட்டு எடுக்கவில்லை. பிரியமா, கீழே பார்க்கிற பயமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று வக்கீல் தீர்ப்புச் சொன்னாள். தரை தொட்டு, பெல்ட்டைக் கழற்றியதும் அக்கா முதல் வேலையாக எல்லோருடைய கிண்ணங்களையும் அடுக்க ஆரம்பித்தாள். மாமா காற்றில் நடப்பவர் மாதிரி நடந்தார். ஊர் திரும்புகிற வரை வக்கீல் கேட்ட ராட்டினத்தில் எல்லாம் ஏற்றிவிட்டார், கீழே நின்றபடி.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா மறுபடியும் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். மாமா தட்டை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். டிரைவிங் ஸ்கூல் கார் அங்கேதான் நிற்கும். அவளை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டினார், பக்கத்தில் மாஸ்டர் சீட்டில் தானும் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். நானும் வக்கீலும் ஜன்னல் வழியாகச் சூடாக நீட்டினோம். வண்டி கிளம்பவில்லையா, தள்ளிவிடட்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கேட்டார். இப்போது அவரும் கேட்பதில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாடு அங்கேதான்.

காரிலும் பக்கத்தில் பக்கத்தில்தானே, முகம் எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கு விடை, நேற்றுக் காலை எங்கள் வாசலுக்குக் கார் பழக வந்த ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்தது. அந்த வண்டியில் பின்னால் வரும் வண்டிகளை மாஸ்டர் பார்ப்பதற்கென்று தனியாக இன்னொரு கண்ணாடி இருக்கும்.

"மாஸ்டர், உங்க கண்ணாடி என் பக்கமா திரும்பியிருக்கே. இதுல ரோடே தெரியாதே."

மாமா கண்ணாடியைத் திருப்பி, ரோடு தெரிகிற மாதிரி வைத்தார். "ராத்திரி சாப்பிட்டப்ப வச்சதும்மா," என்றார். "நீ வண்டிய எடு."