நாலு ஓட்டை

போன வாரம் எண்ணூரைத் தாண்டி ஒரு புதுக் கிடங்கில் என் மானம் போனது. வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். கம்பெனிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இடத்தைக் காட்ட அழைத்துப் போயிருந்தேன். ஷட்டர்கள் எல்லாம் இறக்கியிருந்தன. லாரி திரும்ப இடம் போதுமா என்று பார்க்க அவர்கள் சின்னக் கதவு வழியாக வெளியே போனார்கள். நான் நட்டநடுவில் நின்று, திரும்பும் வழியில் மீன் சாப்பாடு எந்தக் கடையில் என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அத்தனை விளக்கும் அணைந்தது.

ஐம்பது வயசுக்காரன் "அம்மா" என்று கத்தலாமா? கத்தினேன். இரண்டு கையையும் காற்றில் வீசினேன். விளக்குகள் எரிந்தன. வாசலில் அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சென்சார் சார், ஆள் அசைஞ்சாதான் எரியும்" என்றான் ஒருவன்.

"அதத்தான் டெஸ்ட் பண்ணேன்" என்றேன்.

கிடங்கு இருட்டு எனக்குப் புதிதில்லை. என் விசிட்டிங் கார்டில் 'வணிக இட ஆலோசகர்' என்று போட்டிருக்கிறது. ராயபுரத்தில் அதற்குக் குடோன் புரோக்கர் என்று பெயர். இந்தத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குடோன்கள் வரிசையாக நிற்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் மூக்கு வழி சொல்லும். மல்லி, புளி, கடைசியில் மிளகாய். இன்றைக்கும் பக்கத்து வீட்டில் வற்றல் வறுத்தால் எனக்குத் தும்மல் வருவதற்கு முன்னால், வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றம் வந்துவிடும்.

அப்போதெல்லாம் குடோன் எடுக்க வருகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இருட்டைப் பார்ப்பார்கள். உச்சி வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், கூரையில் ஓட்டை இருக்கிற இடமெல்லாம் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம். மழைக்காலத்தில் அந்த வட்டத்துக்குள் மூட்டை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

வட்டம் போடுவது என் வேலை. வெளியே நின்று கதவைச் சாத்துவது லூர்து மேஸ்திரியின் வேலை. மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர். எனக்கு இருட்டு ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அது ஒரு விளையாட்டு. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "இன்னா நைனா, உயிரோட கீறியா?" என்பார். இருக்கிறேன் என்று நான் அழாக்குறையாக நாலு தடவை சொன்ன பிறகுதான் திறப்பார்.

ஒரு வருஷம் மிளகாய் குடோன் காலியாகிவிட்டது. இன்னொரு மிளகாய் வியாபாரி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் எடுக்கவில்லை என்றால் வரிசையையே கன்டெய்னர் யார்டுக்கு விற்றுவிடுவேன் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். யார்டில் மூட்டை ஏது? பெட்டியை இயந்திரம் தூக்கும். லூர்துவும் ஆட்களும் எங்கே போவார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சர்ச்சுக்குப் போட்ட சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எல்லோரும் தார் டின்னோடு கூரைமேல் ஏறியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் வியாபாரியோடு உள்ளே போனேன். லூர்து கதவைச் சாத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. கையில் இருந்த சாக்கட்டி கூடத் தெரியவில்லை. எனக்குப் பார்வைதான் போய்விட்டது என்று முடிவு செய்து, "ஐயோ, கண்ணு" என்று அலறினேன். வெளியே லூர்து சந்தோஷமாகச் சிரிப்பது கேட்டது. "பாத்துக்கினியா நைனா, ஒரு பொட்டு வெளிச்சம் கீதா?"

வியாபாரி கதவைத் திறக்கச் சொன்னார். வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லை.

"இவ்ளோ வயசான தகரத்துல ஒரு ஓட்டகூட இல்லாம இருக்குமா மேஸ்திரி? ஓட்ட தெரிஞ்சா மூட்டைய நகத்தி வெச்சிப்பேன். மறைச்சிட்டா எங்கேன்னு நகத்துவேன்?"

தாரைச் சுரண்டிவிடுகிறோம், நாளைக்கு வந்து பாருங்கள் என்று லூர்து பின்னாலேயே போனார். வியாபாரி குடையை விரித்துவிட்டார்.

யார்டு வந்தது. ஆட்களில் சிலர் வியாசர்பாடிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. லூர்து அதே யார்டின் வாசலில் காவல்காரர் ஆனார். தொப்பியும் விசிலுமாக, டிரெய்லர் கிளப்பும் புழுதிக்குள் நிற்பார். என்னைப் பார்த்தால் மட்டும், "உயிரோட கீறியா?"

கடைசியாக அவரை அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். நெஞ்சு முழுக்கப் புழுதி என்றார்கள். எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. ஏதோ ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூக்கில் இருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளினார்.

"நாலு ஓட்ட உட்டு வெச்சிருக்கலாம்டா நைனா."

பிறகு மாஸ்க்கை அவரே சரியாக வைத்துக்கொண்டார்.

அந்த யார்டும் வடக்கே போய்விட்டது. உப்பளமாக இருந்த இடமெல்லாம் மண் கொட்டி மேடாக்கி, யார்டும் கிடங்குமாக நிற்கிறது. ராயபுரத்தில் பழைய வரிசை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட ஆபீஸ் கட்டடம். பாதி மாடி காலி. முகப்பில் 'வாடகைக்கு' என்று ஒரு போர்டு தொங்குகிறதே, அதிலிருக்கும் போன் நம்பர் என்னுடையதுதான். மிளகாயும் கிடையாது, புளியும் கிடையாது. மோந்து பார்த்தால் ரூம் ஸ்பிரே.

கம்பெனிப் பிள்ளைகளுக்குப் புதுக் கிடங்கு பிடித்துவிட்டது. இங்கே எத்தனை ஆட்கள் வேலை செய்வார்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஆள் பெருசா தேவைப்படாது சார். எல்லாம் மெஷின்தான்."

"அப்ப இந்த லைட்டு?"

"மெஷினுக்கு எதுக்கு சார் லைட்டு?"

அவர்கள் காருக்குப் போனார்கள். நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் விளக்குகள் அணைந்தன. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. வெளியிலிருந்து யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானே கையை ஆட்டினேன்.