செலஸ்ரீனா வீட்டை வெறுமையாக்கிய வியாழக்கிழமை

வாசல் மணி அடித்தால் செலஸ்ரீனா முதலில் மூச்சை அடக்குவாள்; பிறகுதான் யாரென்று கேட்பாள். தபால்காரனுக்குக்கூட ஒரு தரம் செத்துப் பிழைப்பாள். இத்தாலியின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாவின் சந்துகளில் பெண்கள் பல்கனியில் நின்று கத்துகிற கத்தலுக்குக் காது செவிடாகும். கூடையைக் கயிற்றில் இறக்கி, ரொட்டி விற்கும் பாண்காரனோடு மூன்று மாடிக்கும் கேட்கப் பேரம் பேசுவார்கள். செலஸ்ரீனாவும் கூடை இறக்குவாள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். மேலே நின்று கையால் சைகை காட்டுவாள். அவளை ஊமை என்று நினைத்து அந்தப் பாண்காரன் இரக்கப்பட்டு ஒரு பணிஸ் கூடுதலாகப் போட்ட நாட்களும் உண்டு.

சும்மா வந்த பயம் இல்லை அது. மன்னாரில் பேசாலைதான் அவளுடைய ஊர். தொண்ணூறாம் ஆண்டு, அவளுடைய தம்பி ஏர்னஸ்ற் நண்டுக்கறி தின்ன வந்தவன், ஊரடங்கு போட்டதால் அக்கா வீட்டிலேயே படுத்துவிட்டான். விடிய ஆமி வந்தது. குடும்ப அட்டையை வாங்கிப் பெயரைக் கூப்பிட்டு ஆளை எண்ணினார்கள். அட்டையில் இருந்தது மூன்று பெயர். வீட்டில் நின்றது நான்கு பேர். கூடுதலாக நின்ற அந்த ஒருவனை விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. எண்ண வருகிறவன் வந்தால் கூடுதல் ஆளை மறைக்க வேண்டும் என்ற பாடம் அன்றைக்கு அவளுடைய எலும்பில் ஏறிவிட்டது.

அடுத்த வருடமே புருசன் கிறிகோரியோடும் மூன்று வயது மகளோடும் இத்தாலிக்கு வந்தாள். கிறிகோரி கடற்கரைப் பக்கம் ஒரு கிழவரைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். செலஸ்ரீனா விடியுமுன் புறப்பட்டு இத்தாலியச் சீமாட்டி, ஒரு சின்யோராவின் வீட்டைத் துடைக்கப் போவாள். பின்னேரம்தான் திரும்புவாள். வீட்டில் இரண்டு அறையும் ஒரு குசினியும். ஓர் அறையில் அவளும் மகள் அமலினியும். மற்றதில் யாழ்ப்பாணத்து இராஜதுரையும் மனைவி சிவமலரும். நடையில் பாய் போட்டு, ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவும் இரண்டு இளந்தாரிகள்.

அமலினி வளர்ந்தது இந்தக் கூட்டத்தின் கையில். காலையில் தலை இழுத்து இரட்டைப் பின்னல் போட்டு, ரிபன் கட்டிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது சிவமலர். நகரின் விளிம்பில் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கிவிட்டு மத்தியானம் வருகிற இராஜதுரை, பள்ளிக்கூட வாசலில் நின்று கூட்டிவந்து சோறு தீத்துவார். ஆனால் இராஜதுரையிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. தங்குவதற்கு உரிமை தரும் அந்தத் தாள் இல்லாமலே நாலு வருசம் ஓட்டிவிட்டார். ஆகவே அமலினி இத்தாலியன் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே செலஸ்ரீனா சொல்லி வைத்திருந்தாள்: "வெளியாக்கள் கேட்டா அப்பா, அம்மா எண்டு மட்டும் சொல்லு. வேறை ஆற்றை பேரும் சொல்லக் கூடாது." பிள்ளை ஒழுங்கான பிள்ளை, சொன்னபடி செய்தது.

வினையே அங்கேதான் தொடங்கியது. தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசி மாதம், அமலினி வகுப்பில் மேசையில் தலை வைத்து நித்திரை கொண்டாள். வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆசிரியை கேட்டிருக்கிறாள். அம்மா இருட்டோடு போய்விடுவா, அப்பா ஞாயிறு வருவார் என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. ஆசிரியை செலஸ்ரீனாவைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை பின்னேரம் ஒரு அசிஸ்தெந்தே வீட்டைப் பார்க்க வருவா என்று மெதுவாகச் சொன்னாள். பிள்ளைகளின் நலம் பார்க்கும் அரசாங்க உத்தியோகத்தர் அவர். ஏன் என்றும் விளக்கினாள். செலஸ்ரீனாவின் காதில் 'பிள்ளை', 'வீடு', 'பார்க்க வருவா' என்ற மூன்றும்தான் விழுந்தன. ஓட்டமும் நடையுமாய் வீட்டுக்கு வந்தாள்.

மேல்மாடியில் பிலோமினா இருந்தாளே, அவளுடைய மகள் துல்சேயை இப்படித்தான் கொண்டுபோனார்கள்.

பிலோமினா ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வேர்ட் தீவுக்காரி. கறுத்து உயர்ந்தவள். அவளுடைய தீவையும் மன்னாரையும் ஒரே போர்த்துக்கேயன்தான் கப்பலில் வந்து தண்ணீர் தெளித்து வேதத்தில் சேர்த்தான். செலஸ்ரீனா ஒருநாள் மகளிடம் "அந்தக் கதிரையை மேசைக்குக் கிட்டப் போடு" என்று சொன்னபோது, பிலோமினா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளுடைய பாட்டனின் போர்த்துக்கேய மொழியிலும் கதிரை கதிரைதானாம், மேசை மேசைதானாம். ஜன்னலைக் காட்டினார்கள், அலுமாரியைக் காட்டினார்கள், சப்பாத்தைக் காட்டினார்கள். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இத்தாலியனில் கதைத்தாலும் சொந்தக்காரர் மாதிரித்தான் கதைத்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு பிலோமினா ஒரு படி மேல்தான். அவளுடைய ஆட்கள் தமிழர் வருவதற்கு இருபது வருடம் முந்தி, கோயில் மூலமாக, தனித்தனிப் பெண்களாக வந்தவர்கள். கையில் ஒழுங்கான தாள்கள். வாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி இத்தாலியன். கபோச் சந்தையில் மீன்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். தமிழருக்கோ பாதித் தாள், பாதிச் சொல், மிச்சம் கைச்சைகை. ஆனால் பிலோமினாவின் ஊர்ப் பெண்கள் வேலை செய்யும் வீட்டிலேயே படுத்தெழும்ப வேண்டும். வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும்தான் அவர்களுக்குச் சொந்தம். பெற்ற பிள்ளையை எங்கே வைப்பது? துல்சேயை மேல்மாடி அறையில் விட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். அசிஸ்தெந்தே வந்தா. பிள்ளை கன்னியாஸ்திரிகளின் விடுதிக்குப் போனது. இப்போது ஞாயிறுகளில் தாய் போய்ப் பார்த்துவிட்டு அழுது வீங்கிய முகத்தோடு வருவாள்.

கேட்டால் நோகுமே என்று செலஸ்ரீனா அந்தக் கதையைத் தோண்டிக் கேட்டதில்லை. அறை சின்னது, அதனால் எடுத்தார்கள் என்று தானாகவே முடிவு கட்டியிருந்தாள். ஓர் அறையில் ஒரு பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், இரண்டு அறையில் ஆறு பேரை எண்ணினால் என்ன நடக்கும்? சூடு கண்ட பூனைக்கு எல்லா அடுப்பும் ஒன்றுதானே.

"அண்ணை, வியாழக்கிழமை பின்னேரம் நீங்கள் ஒருத்தரும் வீட்டிலை நிக்கக் கூடாது" என்றாள் இராஜதுரையிடம்.

"ஏன் தங்கச்சி?"

"வந்து எண்ணுவினம். கூடுதலா நிண்டா பிள்ளையைக் கொண்டு போவினம்."

 எண்ணுவது என்றால் என்னவென்று இராஜதுரைக்கும் தெரியும். "சரி. நாங்கள் கீழை சந்தையிலை நிக்கிறம்" என்றார்.

"முருகனும் வெளிக்கிட வேணுமோ?" என்று சிவமலர் சுவரில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"ஓம் அக்கா. அவரும்தான். இது வேதக்காரர் வீடெல்லோ."

வியாழக்கிழமை சின்யோராவிடம் பொய் சொல்லி வெள்ளெனவே வந்த செலஸ்ரீனா பேயாய் உழைத்தாள். பாய்கள் மொட்டைமாடிக்குப் போயின. பெரிய சோற்றுப் பானை கட்டிலுக்கடியில் போனது. பல் தூரிகைகளில் மூன்றை மட்டும் விட்டாள். செருப்புகளைக் குப்பைப் பையில் கட்டினாள். சிவமலரின் சேலை, இளந்தாரிகளின் காற்சட்டை, முருகன் எல்லாரும் ஒரே சாக்கில் அடங்கினார்கள். வீடு எதிரொலித்தது.  ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று அமலினியை மடியில் இருத்திக்கொண்டு காத்திருந்தாள்.

அசிஸ்தெந்தே நரைத்த தலையும் களைத்த முகமும் உள்ள பெண். கொடுமைக்காரி இல்லை. கதவடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அறைகளைப் பார்த்தாள். ஆளில்லாத கட்டிலைப் பார்த்தாள். கதிரையில் அமர்ந்து அமலினியின் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு அழகாக உனக்கு யார் தலை பின்னுகிறார்கள்?"

அமலினி தாயைப் பார்த்தாள். "ஒருவருமில்லை."

"பள்ளிக்கூடம் யாரோடு போகிறாய்?"

"ஒருவருமில்லை."

"மத்தியானம் யார் சாப்பாடு தருகிறார்கள்?"

பிள்ளையின் உதடு துடித்தது. சொன்ன சொல் தவறாத பிள்ளை. "ஒருவருமில்லை" என்றாள் மூன்றாம் தரமும்.

அசிஸ்தெந்தே செலஸ்ரீனாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் இருட்டோடு போகிறீர்கள். கணவர் ஞாயிறுதான் வருகிறார். ஆறு வயதுப் பிள்ளை இந்த வெறும் வீட்டில் தனியாக இருக்கிறாள். இதைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் போக முடியாது." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், நல்ல விடுதி ஒன்று இருக்கிறது, கன்னியாஸ்திரிகள் அன்பானவர்கள், ஞாயிறுகளில் பார்க்கலாம் என்றாள்.

செலஸ்ரீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆட்கள் கூடிப்போனதைப் பற்றி இந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆள் இல்லாததைத்தான் கேட்கிறாள். பாயையும் பானையையும் செருப்பையும் மறைத்தபோது பிள்ளைக்கு இருந்த காவலை அல்லவா மறைத்திருக்கிறாள். தன் கையாலேயே பிள்ளையை விடுதி வாசலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

பெயரைச் சொன்னால் பிள்ளை தப்பும். சொன்னால் இராஜதுரையின் கதி? பெயர் இல்லாதவன் எண்ணுகிறவர்கள் முன்னால் நின்றால் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவள் அவள். ஏர்னஸ்ற் சப்பாத்துப் போடாமல் வெறுங்காலோடு போனது அவளுக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.  அமலினியை இறுக்கிப் பிடித்ததில் பிள்ளை "நோகுது அம்மா" என்றது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பிலோமினா வந்தாள். வியாழக்கிழமையாதலால் மேலே இருந்திருக்கிறாள். மொட்டைமாடியில் பாய்களைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறாள். வெறும் அறையைப் பார்த்தாள், கதிரையில் இருந்தவளைப் பார்த்தாள். முகம் சாம்பலாய்ப் போனது. இரண்டு வருடம் முந்தி அவளுடைய அறைக்கு வந்ததும் இதே பெண்தான்.

"கூப்பிடு" என்றாள் செலஸ்ரீனாவிடம். "உங்கடை ஆக்களைக் கூப்பிடு."

செலஸ்ரீனா எழும்பினாள். பல்கனிக்கு நடந்தாள். மூன்று வருடம் சைகை காட்டிய இடத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"இராஜதுரை அண்ணை. மலர் அக்கா. மேலை வாங்கோ. பிள்ளையைக் கேக்கினம்."

கீழே பாண்காரன் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தான். இராஜதுரை மீன் கடையடியில் நின்றார். அவரும் மேலே பார்த்தார். அந்த மனிசன் அப்படியே திரும்பிச் சந்துக்குள் நடந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? செலஸ்ரீனா உட்பட ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கையிலிருந்த பையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படியேறினார். ஒவ்வொரு படிச் சத்தமும் செலஸ்ரீனாவின் நெஞ்சில் விழுந்தது.

உள்ளே வந்தவரைக் கண்டதும் அமலினி எழுந்து ஓடி, கேட்காமலே அவருடைய ஜாக்கெற் பைக்குள் கைவிட்டு மந்தரினை எடுத்தாள். தினமும் செய்கிற காரியம். அசிஸ்தெந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த சிவமலர், அவிழ்ந்திருந்த ரிபனைக் கண்டு, யார் இருக்கிறார் என்றும் பாராமல் குனிந்து கட்டத் தொடங்கினாள்.

"நீங்கள் யார்?" என்று கேட்டாள் அசிஸ்தெந்தே.

இராஜதுரை தொண்டையைச் செருமினார். தன் முழுப்பெயரையும் சொன்னார். "பள்ளியாலை கூட்டிக்கொண்டு வாறது நான். சோறு குடுக்கிறது நான். என்னட்டைத் தாள் இல்லை" என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேளாததையும் சொல்லிவிட்டார்.

செலஸ்ரீனா கண்ணை மூடினாள்.

"தாள் பார்க்கிறது என் வேலை இல்லை" என்றாள் அந்தப் பெண். "பிள்ளையை வெள்ளென நித்திரையாக்குங்கள். ஈஸ்டருக்குப் பிறகு வருவேன். அப்போது இந்த வீட்டில் எல்லாரும் இருக்க வேண்டும்." கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

சிவமலர் சாக்கை அவிழ்த்து முருகனை வெளியே எடுத்தாள். செலஸ்ரீனா நிலத்தில் குந்தி அழுதாள். பிலோமினா மட்டும் அசிஸ்தெந்தே விட்டுப்போன கதிரையில் போய் இருந்தாள்.

"என்னட்டையும் பல்கனி இருந்தது, செலஸ்ரீனா" என்றாள். "அண்டைக்கு அவ கேக்க, நானும் போய் எட்டிப் பார்த்தனான். சந்தை நிறையச் சனம். கூப்பிட ஒரு பேர் இல்லை."

 இராஜதுரை அமலினியிடமிருந்து மந்தரினை வாங்கித் தோலை உரித்தார்.

"அவ திரும்பி வருவா எண்டு சொன்னவ" என்றாள் பிலோமினா.  "அப்ப நான் துல்சேயைத் திருப்பித் தரச் சொல்லிக் கேக்கப் போறன். பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு என்னட்டைக் கேட்டா, உங்கடை பேரைச் சொல்லட்டோ?"

 எண்ணுகிறவர்களின் தாளில், இன்னொரு முறை, எல்லாருடைய பெயருமா? செலஸ்ரீனா இராஜதுரையைப் பார்த்தாள். அவர் உரித்த மந்தரினில் பாதியை அமலினிக்குக் கொடுத்தார். மற்றப் பாதியைப் பிலோமினாவின் கையில் வைத்தார்.

"ஓம். சொல்லு" என்றாள் செலஸ்ரீனா.  பிலோமினாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, இராஜதுரையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராக, அவளுடைய வாயில் சரியாக வரும்வரை சொல்லிக் கொடுத்தாள்.