காசிம் பாயும் இரண்டு நிமிடப் பொத்தானும்

செல்போன் திரையில் பொத்தான் வரைந்து பிழைப்பது வெளியிலிருந்து பார்க்கச் சொகுசான வேலை. நாம் வரைந்ததை ஒருத்தர் கண்ணெதிரே அமுக்கும்போது நாம் படும் பாடு என்னைப் போன்ற சக பாவிகளுக்குத்தான் தெரியும்!

கண்ணாடி

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வண்டிகளுக்காக ஒரு செயலி செய்தோம். ஓட்டுநர் ஃபோனில் டோக்கன் போட்டுவிட்டு எர்ணாவூர் ரோட்டோரம் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். முறை வந்ததும் ஃபோன் கூப்பிடும். வெளிர் சாம்பல் நிறம், மெல்லிய எழுத்து. ஏசி அறையில் பார்த்து நானே சொக்கிப்போயிருந்தேன்.

முதலில் அதைக் கையில் வாங்கியவர் தண்டையார்பேட்டை காசிம் பாய். முப்பது வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறவர். உச்சி வெயிலில் ஃபோனை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், தாடியைத் தடவிக்கொண்டார். "என் மூஞ்சிதாம்மா தெரியுது. அதுக்கு வூட்லயே கண்ணாடி கீதே!"

டீ மட்டும் குடித்தவர்கள்

எழுத்தைக் கொழுகொழுவென்று கறுப்பாக்கினேன். பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை செயலி கூப்பிட்டபோது, காசிம் பாய் ஃபோனை அணைத்துவிட்டு ஜும்மா தொழுகையில் இருந்தார். இரண்டு நிமிடத்துக்குள் 'வரேன்' என்று அமுக்காவிட்டால் டோக்கன் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அந்த விதியை எழுதியது சாட்சாத் நான்தான்.

அன்று சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அப்பாவோ வரிசைக் கடைசியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத வீட்டில் என்ன பேசுவது? டீ மட்டும் குடித்துவிட்டு, அடுத்த வெள்ளி வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்களாம். மறுநாள் அவர் இதைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன் பின்னால் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் முருகனைக் காட்டி ஒன்றுதான் கேட்டார். "நான் தொழுவப் போனா என் எடத்த இவன் பாத்துப்பான்மா. உன் ஃபோனு பாத்துக்கிச்சா?"

தோஸ்து

அன்று பகல் முழுக்க அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் சாப்பிடப் போனால் பின்வண்டிக்காரர் கையைத் தூக்குகிறார், அவ்வளவுதான். அவர் திரும்பும்வரை அந்த இடத்தை ஒருத்தரும் தொடுவதில்லை. இவ்வளவு அழகான ஏற்பாடு ரோட்டிலேயே இருக்கிறது, நான் அதன் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன்! ஆபீசுக்கு ஓடிப் புது விதி எழுதினேன். ஓட்டுநர் எடுக்காவிட்டால் அழைப்பு அவர் தோஸ்து என்று குறித்துவைத்த பின்வண்டிக்காரருக்குப் போகும். தோஸ்து அமுக்கினால் இடம் ஒரு மணி நேரம் நிற்கும். ஏமாற்றமாட்டார்களா என்று இழுத்தார் மேலாளர். முருகனிடமே கேட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "ஏமாத்திட்டு நாளைக்கு யார் பின்னாடிமா வண்டிய நிறுத்துவான்?"

மறுபடி வெள்ளிக்கிழமை

மதியம். காசிம் பாய் பள்ளிவாசலில். நான் முருகன் வண்டியோரம், நகத்தைக் கடித்துக்கொண்டு. முருகனின் ஃபோன் அடித்தது! லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். 'காசிம் இடம் இருக்கு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. நடுரோட்டில் குதித்தேன்; நாலு வண்டி ஹாரன் அடித்தது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து வண்டியை எடுத்தார் பாய். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "நிச்சயமாயிடுச்சும்மா! கல்யாணத்துக்கு வந்துடு. அந்த ஃபோன மட்டும் அணைச்சிட்டு வா."

அந்தப் பொத்தானுக்காக ஆபீசில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் அத்தனையும் என் சொந்த மூளை என்பதுபோலக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.