புதுத் தோட்டத்துப் பால்

கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால், அவர் பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்குப் பசும்பால் அபிஷேகம் செய்வதாக நேர்ந்திருந்தேன். அம்மன் கைவிடவில்லை. அவர் இன்னும் வீட்டில் ஓய்வில் இருப்பதால், ஆடி வெள்ளியன்று நான் மட்டும் புறப்பட்டேன். தோட்டத்துக் கோயில்களுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டர். காலை ஏழே காலுக்கு பஸ் ஏறினால் வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடலாம். அங்கிருந்து தோட்டத்துக்கு பஸ் இல்லை, வேன்தான். வேன்காரர் பதினைந்து ரிங்கிட் கேட்டார். டீசல் விலை ஏறிய பிறகு இதுதானாம்.

“எந்தத் தோட்டம்க்கா? பழசா, புதுசா?”

பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். “புதுசுக்கே விடுங்கண்ணே. கோயில் அங்கதானே இருக்கும்?”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “புதுசுல சாமி இல்லக்கா. காவலுக்கு கார்டு மட்டும்தான் இருக்கான்.”

வேன் திரும்பியதும் விளங்கியது. மலையடிவாரம் வரை கம்பிவேலி. உள்ளே வரிசை வரிசையாகக் கருங்கண்ணாடித் தகடுகள். பேருக்கு ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. சூரிய வெளிச்சத்தில் கரண்டு எடுக்கும் இடத்தையும் இங்கே தோட்டம் என்றே சொல்கிறார்கள். என் கணவர் சின்ன வயதில் ஓடித் திரிந்ததாகச் சொன்ன இடமெல்லாம் இதுதானா?

வேலிக்கு வெளியே கோயிலும், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் மிஞ்சிய நான்கும். அதில் ஒன்றில்தான் சரோஜா அக்கா இருக்கிறார். இந்தப் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் பால் கொடுப்பவர். போன வாரமே போனில் இரண்டு லிட்டர் சொல்லி வைத்திருந்தேன். தூக்குச்சட்டியோடு வாசலிலேயே நின்றவர், என்னோடு கோயிலுக்கும் வந்தார்.

சன்னதியில் பூசாரி சட்டியைத் திறந்தார். ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

“சரோஜா, இது மாவுலா.”

அம்மனுக்கு நேர்ந்த பால், டின்னில் வந்த பால்மாவு!

அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மாடு வித்தாச்சு தங்கச்சி, கடைசி ரெண்டும் போயிருச்சு. மரம் இருந்தப்ப அடியில மேயும். இப்ப புல்லு வேலிக்குள்ள, மாடு வெளிய. உள்ள மருந்து வேற அடிக்கிறானுங்க.”

“போன்ல சொல்லியிருக்கலாமே அக்கா?”

“மாடு இல்லன்னு சொன்னா அடுத்த தடவ யாரு எனக்கு போன் பண்ணுவா?”

புதுத் தோட்டத்தில் வேலை கிடைக்காதா என்று கேட்டேன். பூசாரிதான் பதில் சொன்னார். “மரத்துக்கு ஆள் வேணும்க்கா. கண்ணாடிக்கு வெயில் இருந்தா போதும்லா.”

கரண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் விசிறி ஓடுகிறது. ஆனால் அந்த வேலியைப் போடும்போது சரோஜா அக்காவின் மாடு எங்கே மேயும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே.

தெரிந்தே மாவைக் கரைத்து அம்மன் தலையில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. பூசாரி கோயில் மரத்தில் இளநீர் வெட்டினார். அதில்தான் அபிஷேகம் நடந்தது. பால் பாக்கி நிற்பதை அம்மனிடமே சொல்லிவிட்டேன். அந்த மாவுப்பாலில் அக்கா இஞ்சி தட்டி டீ போட்டார். எனக்காகக் காத்திருந்த வேன்காரர் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, “மாடு இருந்தப்பகூட இப்படிப் போட்டதில்லையே நீ,” என்றார். அக்கா அப்போதுதான் சிரித்தார்.

போகிறவர்களுக்கு: வேன்காரரிடம் திரும்பி வரும் நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள், அங்கே வேறு வண்டி கிடைக்காது. அபிஷேகப் பாலை ஈப்போவிலேயே வாங்கி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். காலைப் பசியாற மட்டும் எதுவும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்தின நாளே சரோஜா அக்காவுக்கு போன் செய்து எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். அக்காவிடம் பேசிவிட்டேன், காசுக்கு தோசையும் டீயும் தயாராக இருக்கும். அபிஷேகத்துக்குச் சொல்லப் பூசாரிக்கு போன் செய்யும்போதே அக்கா நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.