பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்

அப்பா என்னை அறைந்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதையும் ஆள் மாற்றி அறைந்தார். அது அத்தைக்குச் சேர வேண்டிய அறை என்று அவர் நினைத்திருப்பார். அவருக்கே சேர வேண்டியது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மே மாத லீவு. விவேக் நகரில் ஒரு சந்து வீட்டில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். பதினாலு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நோய்க்குப் பெயரே கிடையாது. 'அந்த விஷயம்' என்பார்கள். மருந்து ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருக்கும். ஊசி பாத்ரூமில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான். விருந்தாளி வந்திருந்தால் குழாயையும் திறந்துவிட வேண்டும்.

"இன்னிக்கி சுகர் எவ்ளோ?" என்று மட்டும் எல்லோரும் கேட்பார்கள். அப்பா, அம்மா, டாக்டர், ஊரிலிருந்து போன் பண்ணுகிற சித்தப்பா. ஏறினாலும் திட்டு, இறங்கினாலும் திட்டு. சம்பாதிக்கிற இருபத்தாறு வயதுப் பெண், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். நீ எப்படி இருக்கிறாய் என்று அவளை ஒருவர் கேட்டும் நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஓசூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அந்த விஷயத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் திட்டம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். எங்களுக்கு ஒரே ஒரு பொய்தான் தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பொய்யை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியிருந்தது.

"தண்ணி எடுக்க அவங்க வீட்டுப் பொம்பளைங்க யாராச்சும் ஃபிரிட்ஜத் தொறந்தா?" என்று அம்மாவுக்குக் கவலை.

"என் ஹேண்ட்பேக்லயே வச்சுக்கிறேன் அண்ணி. உபயோகிக்கிற பாட்டில் வெளிய இருந்தா கெட்டுப்போவாது" என்றாள் அத்தை. அது முழு உண்மை. பன்னிரண்டு வருடம் அந்த நோயோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் பேச்சை யார் கேட்டார்கள்? மருந்தையும் ஊசியையும் ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

ராகுகாலம் பார்த்தார்கள், எமகண்டம் பார்த்தார்கள், வியாழக்கிழமை நல்ல நாள் என்று முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை விவேக் நகரில் என்ன நடக்கும் என்பதை மட்டும் மறந்துபோனார்கள். அன்று குழந்தை யேசு கோயிலில் நவநாள் ஜெபம், ஊரே அங்கே திரளும். அந்தக் கூட்டத்தில் ஆட்டோக்காரர்கள்கூட எங்கள் பக்கம் சவாரி வர யோசிப்பார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு வியாழனும் தவறியதில்லை. மூளை உள்ளவர்கள் யாரும் அன்றைக்கு அவர் வீட்டில் உயிர் மருந்தை வைக்க மாட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்குள் சாப்பாடு ஆகிவிட வேண்டும். இலை போடும்போது அத்தை என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டு ஓடினேன். ஆன்ட்டி வீட்டுக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

திரும்பி வந்து அப்பாவின் காதில் சொன்னேன். "அப்பா, ஆன்ட்டி வீடு பீகம் போட்டிருக்கு."

அப்பா சிரிப்பை மாற்றாமலே என் தொடையைக் கிள்ளினார். "ஒரு வேளை போடலன்னா ஒன்னும் ஆவாது. வாய மூடிக்கினு உள்ள போ."

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரியான பெண்மணி. அத்தையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, ஜாங்கிரியைப் பிட்டு அவரே அவள் வாயில் ஊட்டினார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா, தின்னு என்பது போலத் தலையாட்டினார். தின்றாள். அப்புறம் சோறு, பாயசம். கொஞ்ச நேரத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, இவ்ளோ பயமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்.

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள். "பயம் இல்லீங்க. எனக்கு சுகர். சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போடணும். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு மருந்த பக்கத்து வீட்ல ஒளிச்சு வச்சிருக்காங்க. அவங்க கோயிலுக்குப் போய்ட்டாங்க."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்தார். "ஏங்க, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்று மாப்பிள்ளையின் அம்மா என் அப்பாவிடம் கேட்டார். நியாயமான கேள்வி. காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

வாசலுக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்த அப்பா என்னை அறைந்தார். நான் ஓடியதும் காதில் கிசுகிசுத்ததும்தான் காரியத்தைக் கெடுத்ததாம். அத்தை மேல் கை வைக்க முடியாது. பாதி வாடகை அவள் சம்பளத்தில் போனது. கோபத்துக்கு ஒரு கன்னம் வேண்டியிருந்தது, என்னுடையது எட்டும் தூரத்தில் இருந்தது.

மூன்று மணிக்கு ஆன்ட்டி பதறிக்கொண்டு டப்பாவோடு வந்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அன்றைக்குப் பாத்ரூமுக்குப் போகவில்லை. ஹாலில், பட்டுப் புடவையோடு, நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"இங்க வா பாப்பா. கொஞ்ச நேரம் எம்பக்கத்துல உக்காரேன்" என்றாள்.

எனக்குக் கன்னம் எரிந்தது. அவளால்தானே அடி வாங்கினேன்? "எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி, போ" என்றாள்.

அடுத்த வருடமே கம்பெனித் தோழிகள் இரண்டு பேரோடு பொம்மசந்திரா பக்கம் ரூம் எடுத்துப் போய்விட்டாள். திமிர் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் காலேஜ் படிக்கும்போது ஒரு நாள் அங்கே போனேன். சாப்பிட உட்கார்ந்ததும் எல்லோர் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு தோழி சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே அவளுக்குப் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி, "நேத்து அழுதியே, இன்னிக்கி பரவால்லயா?" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை. அந்த அவ்வளவைக் கொடுக்க எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாக ஒரு நாதியில்லை. எனக்கு வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை.

அப்பா மேலும் அம்மா மேலும் வந்த கோபம் வயதாக ஆகக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. என் மேல் வந்தது தணியவில்லை. அன்றைக்கு அத்தையைச் சாமர்த்தியமாக ஏமாற்றிவிட்டதாகத்தான் ஒன்பது வயதில் நினைத்துக்கொண்டேன். மே மாதத்தில் பள்ளிக்கூடம் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் என்னைப் போகச் சொன்னாள்.