விரிப்பின் மறுமுனை

எங்கள் அண்ணி துவைத்த படுக்கை விரிப்பையே மறுபடியும் துவைத்தார். ஒரு தடவை என்றால் மறதி என்று விட்டுவிடலாம், வாரக்கணக்கில் நடந்தது. காய்ந்ததும் என்னைக் கூப்பிடுவார்: "இந்த முனையப் பிடி." நான் நாத்தனார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணிக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை. அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கதைதான், வாய் ஓயாது. அப்படிப்பட்டவர் இப்போது தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தூக்கமும் இல்லை. அண்ணன் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். திடீரென்று ஒருநாள், வெள்ளிக்கிழமையோடு வேலையை விடப்போவதாகச் சொன்னார்.

நோண்டி நோண்டிக் கேட்டேன்.

"புது மேனேஜர் மேடம் ஜோடியப் பிரிச்சிட்டாங்க. ஆளுக்கொரு மேசை, விரிப்ப மாட்டிக்க ஒரு கம்பி. நல்லாத்தான் மடியுது. ஆனா எதிர்ல ஒரு மூஞ்சி இல்ல."

இருவர் சேர்ந்து மடித்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் கிட்டே வரவேண்டும். பிள்ளையின் காய்ச்சல், மாமியார் சண்டை எல்லாம் அப்போதுதான் கைமாறும்.

"மேடம்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"பேசறதுக்கு ஆள் வேணும்னு எப்படிச் சொல்றது? சிரிப்பாங்க."

வெள்ளிக்கிழமையும் அவர் சொல்லவில்லை. பார்வையிட வந்த மேடத்திடம், பழக்கதோஷத்தில், விரிப்பை நீட்டி, "அந்த முனையப் பிடிங்க" என்றிருக்கிறார். மேடம் என்ன நினைத்தாரோ, பிடித்துவிட்டார். முதல் மடிப்பு கோணல். இரண்டாவதற்குக் கிட்டே வந்தபோது, மெதுவாக, "நான் வந்ததுலேர்ந்து யாருமே எங்கிட்ட பேசல" என்றாராம்.

அண்ணி, "நாங்களும் எங்களுக்குள்ள பேசிக்கல மேடம்" என்றாராம்.

திங்கட்கிழமை கம்பிகள் மூலைக்குப் போயின. தலையணை உறைக்கு மட்டும் தனி மேசைகள் இருக்கட்டும் என்றார் மேடம். அது நல்ல யோசனைதான் என்று அண்ணியே ஒத்துக்கொண்டார். வேலையையும் விடவில்லை.

நேற்று எங்கள் வீட்டு விரிப்பைப் பார்த்தேன், அழுக்கேறிக் கிடந்தது. அண்ணியிடம் காட்டினேன்.

"நாள்பூரா மடிச்சு கை ஓஞ்சு போச்சு. நீயே துவைச்சுக்க" என்று சொல்லிவிட்டு, மேடத்தின் மகன் பள்ளியில் அடித்த கூத்தை ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. விரிப்பை நானே துவைத்தேன்.