பிரபுவின் துப்பாக்கியும் நோட்புர்காவும்

துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர்போன ஆஸ்திரிய ஊர் ஃபெர்லாக். அங்கே பிறந்த பெண் துப்பாக்கி செய்யப் படித்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. படித்து முடித்து வேலை கேட்டு வந்தால்தான் சுளிப்பார்கள். நோட்புர்கா ஓக்ரிஸுக்கு அப்படித்தான் ஆயிற்று. அப்பா பேருந்து ஓட்டியவர். பட்டறை வைத்திருக்கும் சொந்தக்காரர் என்று யாருமில்லை. ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் கணக்கு எழுத வருகிறாயா என்றார்கள். கடைசியில் க்ளாகன்ஃபர்ட்டில் ஓர் ஏலக்கடையில், விற்பனைக்கு வரும் வேட்டைத் துப்பாக்கிகளை மதிப்பிடும் வேலையில் சேர்ந்தாள். அங்கே படம் பிடிப்பவள் நான்.

அவள் துப்பாக்கி பார்க்கும் விதம் கொண்டுவந்தவர்களுக்கு எரிச்சலூட்டும். வெள்ளியில் செதுக்கிய மானையோ தங்க எழுத்தையோ கண்டுகொள்ளவே மாட்டாள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை இழுத்து, தள்ளி, அது எங்காவது தயங்குகிறதா என்று கேட்பாள். ஆமாம், காதால் கேட்பாள். போல்ட்டிலும் குழலிலும் ஒரே எண்தானா, எண்ணின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பாள். மழுங்கியிருந்தால் யாரோ பிற்பாடு தேய்த்து மெருகு போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் திருகுகளைக் கழற்றி, இரும்பை மரக்கட்டையிலிருந்து தூக்கிவிடுவாள்.

"வெளியில எத்தனை தடவை வேணா மெருகு போடலாம் மில்லி. உள்ள யாரும் மெனக்கெட மாட்டாங்க," என்பாள் என்னிடம்.

அவள் கணவன் ஃபாலன்டின் துப்பாக்கிகளுக்கு மரக்கட்டை செதுக்குபவன். வால்நட் மரத்தில் அவன் கைபட்டால் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. ஊரில் பெரிய பட்டறைகள் எல்லாமே அவனிடம்தான் வரும். ஆனால் துப்பாக்கியில் பொறித்திருப்பது முதலாளியின் பெயர். அந்தப் புழுக்கம் அவனுக்கு என்றைக்கும் உண்டு.

அந்த வருஷம் வசந்த ஏலத்துக்கு பிரெஸிங்கர் என்ற பல் டாக்டர் ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃபில் போருக்கு முன் ஒரு பிரபுவுக்காகச் செய்தது, அப்படியே கைபடாமல் இருக்கிறது என்றார். நிர்வாகி லாவ்ட்னர் உடனே அதை ஏலப் புத்தகத்தின் அட்டையில் போட்டுவிட்டார். நோட்புர்கா பார்த்து எழுதித் தருவதுதான் பாக்கி.

அவள் எண்களை உருப்பெருக்கியில் பார்த்தாள். "தேய்ச்சிருக்காங்க," என்றாள். பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுக்கச் சொன்னாள். பிறகு கட்டையைக் கழற்றினாள். குழல் படுக்கும் பள்ளத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள். மரத்துக்குச் சாயம் ஏற்றி, எண்ணெய் ஊற்றிப் பழசாக்கியிருந்தார்கள். ஆனால் உளித் தடங்கள் எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஃபாலன்டின் இடதுகைக்காரன்.

"உள்ளயும் எடு மில்லி," என்றாள்.

அன்று நான்தான் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டேன். ஃபாலன்டின் பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டை வேகவைத்து வைத்திருந்தான். நீயும் உட்கார் என்று எனக்கும் தட்டு வைத்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பல் டாக்டருக்குக் கட்டை செஞ்சு குடுத்தியா?"

"குடுத்தேன். பழசு மாதிரி வேணும்னாரு."

"பழசுன்னு சொல்லி விப்பாருன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"அது என் மேசைக்குத்தான் வரும்னு?"

"அதுவும் தெரியும் புர்கி." உருகிய வெண்ணெயைக் கொழுக்கட்டை மேல் ஊற்றிக்கொண்டே சொன்னான். "நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சேன். கண்டுபிடிச்சாலும் வாயத் தொறக்க மாட்டேன்னு நெனச்சேன். ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு பாத்தேன்."

அவள் கோட்டோடேயே மாடிக்குப் போய்விட்டாள். நான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

இரும்பு உண்மையான பழசு, எண்கள் தேய்க்கப்பட்டவை, கட்டை புத்தம் புதியது, அட்டைப்படத்தில் வரும் தகுதி இதற்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செய்தவன் பெயரை மட்டும் எழுதவில்லை. லாவ்ட்னர் கூப்பிட்டனுப்பினார்.

"கட்டை பழுது பாத்திருக்குன்னு ஒரு வரி போட்டா போதுமேம்மா. புத்தகம் அச்சாயிடுச்சு."

"பழுது பாக்கல சார். புதுசா செஞ்சிருக்கு."

துப்பாக்கியை ஏலத்திலிருந்து எடுத்தார்கள். பிரெஸிங்கர் கோபமாக வந்து, தன் சேகரிப்பு முழுவதையும் வேறு ஊருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "உங்க நிபுணரோட வீட்டுக்காரர்தான் இதச் செஞ்சார். அதக் கேட்டீங்களா?" என்றார்.

அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று. போலி செய்கிறவனின் மனைவி மதிப்பிட்டால் யார் நம்புவார்கள் என்றார் லாவ்ட்னர். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்த தொழில், பங்கில் தகராறு வந்ததால் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஃபெர்லாக்கில் பேசிக்கொண்டார்கள். ரொட்டிக்கடையில் அவள் முறை வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும்.

ஃபாலன்டினுக்கு நடந்தது வேறு. ஏலக்கடையையே ஏமாற்றப் பார்த்த கைகாரன் யார் என்று வேட்டைக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். டைரோலிலிருந்தும் பவேரியாவிலிருந்தும் ஆர்டர் வந்தது. இப்போது கட்டையின் அடியில் தன் பெயரையே பொறித்துக் கொடுக்கிறான். அந்தத் துப்பாக்கியும் வேறொரு நகரத்தில், வேறொரு மதிப்பீட்டாளரின் கையெழுத்தோடு, பிரபுவின் துப்பாக்கியாகவே விலைபோயிற்று. அந்த விலையில் ஃபெர்லாக்கில் ஒரு வீடு வாங்கலாம்.

விவாகரத்து வாங்கிக்கொண்டு நோட்புர்கா ஃபில்லாக்கில் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே வேட்டைச் சாமான் கடையில் பூட்ஸும் மழைக்கோட்டும் விற்கிறாள். போன இலையுதிர்காலத்தில் பார்க்கப் போனேன். ஒரு விவசாயி அப்பாவின் பழைய துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, என்ன விலை பெறும் என்று கேட்டார். அவள் துணியைக்கூடப் பிரிக்கவில்லை. "நான் செருப்பு விக்கிறவ," என்று முதலாளியிடம் அனுப்பிவிட்டாள்.

கடை மூடியதும் எதிரில் காப்பி குடித்தோம். பேச்சு எப்படியோ அந்தக் கட்டைக்கு வந்தது.

"அதுமாதிரி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல மில்லி," என்றாள். "இருபது வருஷமா அவன் கேக்கணும்னு நெனச்ச வார்த்தை அதுதான். நான் சொல்ல மாட்டேன். நீயும் போய்ச் சொல்லிடாத."

கோட்டை மாட்டிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.